முன்சீட்டுக்குக் கீழே

திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடிக்க மாட்டேன் என்கிறது. இன்னும் ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கிறேன். மரத்துக்குள் இறங்குகிற திருகாணி கடைசியில் கொஞ்சம் முறைத்துக்கொள்ளும், அந்த முறைப்பு மணிக்கட்டுக்குத் தெரியும், போதும் என்று விட்டுவிடலாம். இதில் முறைப்பே இல்லை. ரவை டப்பாவுக்குள் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. ஒருவேளை துளை பெரிதாகப் போயிருக்கும். துளை பெரிதானால் தீக்குச்சியை ஒடித்து உள்ளே போட்டு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும், வீட்டுக் கதவுக் கீலுக்கெல்லாம் அப்படித்தானே செய்கிறோம். இது வீட்டுக் கதவா? இதன் மேல் ஓர் ஆள் உட்கார வேண்டும், உட்கார்ந்த ஆளோடு இந்தப் பழைய கார் ஓட வேண்டும், நான் பிரேக் போட்டால் அந்த ஆள் சீட்டோடு சேர்ந்து முன்னால் போகாமல் இருக்க வேண்டும். ஆள் யார் என்றால் கூடப் பிறந்த பாவாத்தா அக்கா. வயது எண்பதைத் தொடப்போகிறது, எலும்பு அப்பளம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இந்த இடது முன்சீட்டில் அக்காவை உட்காரவைத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை அவளுடைய பையன் மோகன் வந்து அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறான், அங்கேயே இருந்துவிடத்தான். எல்லாம் முடிந்தது, தரை முடிந்தது, கதவு முடிந்தது, இந்த சீட்டை முடுக்கிவிட்டுக் கையைக் கழுவலாம் என்று வந்து உட்கார்ந்தால் இது சுற்றுகிறது. திருகாணியை வெளியே எடுக்கிறேன். புரியில் பழுப்பாக என்னவோ அப்பியிருக்கிறது. விரலில் தேய்த்தால் மூக்குப்பொடி. நீள திருப்புளியை எடுத்துத் துளைக்குள் விடுகிறேன், மெதுவாகத்தான் விடுகிறேன், அழுத்தக்கூட இல்லை, அது பாட்டுக்குப் போகிறது, பிடி வரைக்கும் போய்விடுகிறது. வெளியே எடுத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தரை எவ்வளவு அழகாக இருக்கிறது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் வேறு யார் சொல்வார்கள். தேக்குப் பலகை ஒவ்வொன்றையும் இழைத்து, பெடலுக்கு வேண்டிய வாய்களை வெட்டி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, குனிந்தால் என் மூக்கு அதில் தெரிகிறது. திருகாணி எல்லாம் பித்தளை, தலையில் ஒரே கோடு, கோடுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. நட்சத்திரத் தலை வைத்த ஸ்க்ரூ ஒன்றுகூட இந்த வண்டியில் கிடையாது. முப்பத்தாறாம் வருஷத்து வண்டிக்கு நட்சத்திரத் தலை போடுகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தபோதும் நான் இப்படித்தான், ஒரு இழை அறுந்து தொங்கினால் ஷெட்டையே தலைகீழாக்கிவிடுவேன், எனக்குப் பின்னால் என்னென்னவோ பேர் வைத்துக் கூப்பிட்டார்கள், கூப்பிடட்டும். ரிட்டையர் ஆன பிறகு அந்தக் கோபமெல்லாம் போக இடமில்லாமல் இந்த வண்டிக்குள் வந்து சேர்ந்தது. வீட்டு ஷெட்டின் தகரக் கூரையில் அடிக்கிற வெயில் முதுகில் இறங்குகிறது. தரை மேல் பழுப்புப் பொடி சிந்தியிருக்கிறது. ஊதுகிறேன். ஊதினால் போவது மேலே இருப்பதுதானே. இவ்வளவு பளபளப்புக்கும் கீழே ஒரு கட்டை மாவாகிக் கிடக்கிறது, அது எனக்குத் தெரியாமல் கிடக்கவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தெரியும். முழுக்கத் தெரியாது, கொஞ்சம் தெரியும். பழைய தரையைப் பிரித்த அன்றைக்கே சீட்டுக்குக் கீழே குறுக்காக ஓடுகிற அந்தச் சட்டத்தின் இடது நுனி கருத்திருந்ததைப் பார்த்தேன். முன் கண்ணாடியின் மூலையில் ஒழுகின தண்ணீர் அத்தனை வருஷமும் அங்கேதான் போய் இறங்கியிருக்கிறது. கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டியிருந்தால் சத்தமே சொல்லியிருக்கும். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்றால், அந்தச் சட்டத்தின் மேல் பென்சிலால் எழுதியிருந்தது. முன் இடது. சேசிஸ் என்கிற இரும்பு அடிக்கூடு மட்டும் சீமையிலிருந்து வந்து, மரமும் தகரமும் மதராஸில் கட்டின வண்டி இது. எவனோ ஒரு ஆசாரி, அவன் செத்து எத்தனை காலமோ, எந்தக் கட்டை எங்கே போகும் என்று தடுமாறாமலிருக்கத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். 'முன்' என்பதில் 'ன்' போட்டபோது கை வழுக்கிக் கோடு நீண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, வண்டிக்காரக் கிறுக்கனுக்கு இதைவிட என்ன வேண்டும். போட்டோ எடுத்துப் பழைய கார்க் கிளப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பினேன். போட்டிக்கு வண்டியைக் கொண்டுபோனால் மார்க் போட வருகிறவர்கள் பழைய பாகம் எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள், தரைப் பலகையைத் தூக்கிக் காட்டி இதோ பாருங்கள் என்று சொல்வதாக எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன். அதனால் அந்தக் கட்டையைக் கழற்றாமல், பசையைக் காய்ச்சி அதன் மேல் ஊற்றி, அது குடித்துக்கொண்டே இருந்தது, ஊற்ற ஊற்றக் குடித்தது, நல்ல மரம் இப்படிக் குடிக்காது என்று எனக்குத் தெரியாதா, போதும் இறுகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதன் மேல் தேக்குப் பலகையை வைத்து மூடிவிட்டேன். இந்த மாதிரித் தப்பைச் சாதாரணத் தச்சன் செய்யமாட்டான். அவன் கெட்ட மரத்தைப் பார்த்தால் தூக்கி அடுப்புக்குப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பான். பழசின் மேல் பைத்தியம் பிடித்தவன்தான் மக்கினதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவான்.

இப்போது என்ன வழி. யோசி. வழி ஒன்று, பலகையை எடுத்து, சட்டத்தின் இடது பாதியை அறுத்தெறிந்துவிட்டு, புது மரத்தை ஒட்டுப்போட்டுச் சேர்ப்பது. சேர்க்கலாம், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நுனியில்தான் கதவுத் தூணும் நிற்கிறது. அறுத்துவிட்டால் தூண் தொங்கும், ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும், ஒட்டு காய்கிற வரைக்கும் வண்டியை இம்மி நகர்த்த முடியாது. நாளைக்கு ரேஸ் கோர்ஸும் இல்லை ஒன்றும் இல்லை. வழி இரண்டு, ஒன்றும் அறுக்க வேண்டாம், முன்சீட்டைச் சும்மா பேருக்கு வைத்துவிட்டு அக்காவைப் பின்னால் உட்காரவைப்பது. பின்பக்கம் கல் மாதிரி இருக்கிறது, அங்கே தண்ணீர் இறங்கவேயில்லை. பின்னால் உட்கார்ந்தாலும் வண்டி அதே வண்டிதான், ரோடு அதே ரோடுதான், அக்காவுக்கு இடுப்பு வலிக்கும், பின்னால் சாய வசதி, அங்கே குஷன்கூடப் புதுசு. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். நான் அடுக்கினால் அக்கா என்ன சொல்வாள் என்பதும் தெரியும். சரி என்பாள். அந்தச் சரிக்குத்தான் பயமாக இருக்கிறது.

இந்த வண்டியை அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கி எங்கள் பருத்தி ஜின்னிங் ஃபாக்டரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் பிறக்கவேயில்லை, அக்காதான் இருந்தாள். வண்டி எடுத்தால் அவள்தான் முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில். கால் தரைக்கு எட்டாதாம். ஹாரன் பந்தை அமுக்குகிற வேலை அவளுடையதாம். சிங்காநல்லூர்க் குளத்துக்கிட்டே ஓர் எருமை நகராமல் நின்றதற்கு விடாமல் அமுக்கி, அப்பா சிரித்த சிரிப்பில் வண்டியே நின்றுபோனதாம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் அவள் பெரிய மனுஷியானாள். தண்ணி வார்த்து, சீர் செய்து, பந்தி போட்டு, அது முடிந்து முதல் தடவை வண்டி எடுத்தபோது அவள் வழக்கம்போல முன்கதவைத் திறக்கப் போயிருக்கிறாள். அப்பா ஒன்றும் திட்டவில்லையாம். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாராம், அவ்வளவுதான். பின் ஜன்னலுக்கு நீலப் பட்டில் திரை தைத்துப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்து வசதியான வீடுகளில் எல்லாம் அப்போது அப்படித்தான், வயசுக்கு வந்த பெண் பின்னால், திரைக்குள்ளே. பின்னால் அம்மா, அக்கா, முறுக்கு டின். முன்னால் அப்பா, காலியான சீட். கொஞ்ச வருஷத்தில் அந்தக் காலி சீட்டில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். எனக்கு அது என் சீட் என்றுதான் தெரியும். நான் திரும்பிப் பார்த்தால் அக்கா திரை ஓரத்து இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், மூக்கு மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். அந்தத் திரை தொங்குகிற பித்தளைக் கொக்கிகளைக்கூட நான் போன மாதம் புளி போட்டுத் தேய்த்து, பழைய துளையிலேயே திரும்ப முடுக்கினேன். பழைய பாகமாயிற்றே. அக்கா வந்து பார்த்தாள், பளபளன்னு இருக்குது என்றாள், உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பித்தளை பளபளப்பதைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது.

அவள் கேட்டது அதற்கு அடுத்த நாள். கேட்டாள் என்பதே அதிசயம். காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வண்டி முடிஞ்சா ஒருக்கா முன்னாடி உக்காந்து போகோணும்டா வேலு" என்றாள். "ஏக்கா, போன வாரம் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸில முன்னாடிதான உக்காந்து போன" என்றேன். "டாக்ஸி எதுக்கு? அதுல யாரு வேணா உக்காருவாங்க. இதுல உக்காரோணும்" என்றாள். வெண்டைக்காய் நறுக்குகிற கை நிற்கவேயில்லை. என் வாழ்க்கையில் அக்கா எனக்கு இது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது சரி. கல்யாணம் பேசிவிட்டோம் என்றபோது மாப்பிள்ளை பேரைக்கூடக் கேட்காமல் சரி. அத்தான் போன பிறகு, தனியாக எதற்கு இருக்கிறாய், என்னோடு வந்துவிடு என்று நான் கூப்பிட்டபோது சரி. என் மனைவி போனபோது, நீ சாப்பிடு, மத்ததை அப்புறம் அழுவோம் என்று சொல்லித் தட்டை முன்னால் வைத்தவள் அவள். அதற்கப்புறம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன மாதக் கடைசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், கையில் கட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, மோகன் ஓடிவந்தான், இனிமேல் அம்மா எங்களோடதான் என்றான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தேன். சரி என்றாள்.

போன் அடிக்கிறது. மோகன்தான், சொல்லிவைத்த மாதிரி. கையில் பொடி, துடைத்துக்கொண்டு எடுக்கிறேன். "மாமா, திங்கக்கெழம காலைல நேரத்துலயே வந்துருவனுங்க. அம்மா துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சுங்களா?" வைத்தாச்சு என்கிறேன். "ஒரு பெட்டி போதும்னு சொல்லுங்க மாமா. பாத்திரம் கீத்திரம்னு கட்டிறப் போறாங்க." சொல்கிறேன் என்கிறேன். "வண்டி ஓடுதுங்களா?" ஓடும் என்கிறேன். "பாத்துங்க மாமா. பின்னாடியே உக்கார வெச்சுக்குங்க, அதுதான் சேஃப்டி. முன்னாடி பெல்ட்டு கூட இருக்காது அதுல." நல்ல பையன். அம்மா மேல் உயிர். இவன் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, தப்பில்லாததால்தான் எரிச்சல் வருகிறது. மூன்று தலைமுறையாக ஆம்பளைகள் எல்லோரும் இந்தப் பெண்பிள்ளையை எங்கே உட்காரவைக்கலாம் என்று அக்கறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பா, இவன், நடுவில் நான். எனக்கும் இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, என்னுடையது மரக்காரணம், எல்லாவற்றையும்விட உறுதியான காரணம், மாவாகப் போன கட்டையை யார் மறுத்துப் பேச முடியும். போனை வைத்த பிறகும் அவன் குரல் ஷெட்டில் நிற்கிறது. பின்னாடியே உக்கார வெச்சுக்குங்க.

அறுக்கலாமா. அறுத்தால் நாளைக்கு எதுவுமே கிடையாது, முன்சீட்டும் கிடையாது பின்சீட்டும் கிடையாது, திங்கட்கிழமை அவள் மோகன் வண்டியில் பின்னால் ஏறிப் போய்விடுவாள், ஏழாவது மாடி, லிஃப்ட், பால்கனியில் வலை கட்டியிருக்கிறார்களாம் புறா வராமலிருக்க. அப்புறம் நான் இதை முடித்து என்ன பிரயோஜனம். முடித்துவிட்டு, அக்கா வண்டி ரெடி வா என்று போன் பண்ணினால் வரவா போகிறாள். பெங்களூர் போனவர்கள் தீபாவளிக்கு வருவதாகச் சொல்வார்கள். அறுக்காவிட்டால் பின்னால் உட்கார்ந்தாவது ஒரு சுற்று வருவாள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். மேல்தானா. நீலத் திரைக்கொக்கிக்குக் கீழே உட்கார்ந்து, ஜன்னலோரமாக மூக்கை வைத்துக்கொண்டு, அறுபத்தைந்து வருஷம் கழித்து அதே இடத்தில். முன்னால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சீட் காலி. இன்னொன்று செய்யலாம், இரும்புப் பட்டை ஒன்றைக் கீழேயிருந்து கொடுத்து, சேசிஸில் துளைபோட்டு, நட்டு போல்ட்டில் முறுக்கி, பழசாவது புதுசாவது, ஒரு நாளைக்குத் தாங்கினால் போதும். தாங்குமா. அந்தப் பட்டையும் கடைசியில் மாவு மேல்தானே உட்காரும். தாங்காவிட்டால்? நான் ரேஸ் கோர்ஸில் பிரேக்கை மிதிக்கிறேன், குறுக்கே ஒரு நாய், அக்கா சீட்டோடு பெயர்ந்து டாஷ்போர்டில். வேண்டாம். நினைக்காதே. டாஷ்போர்டில் நான் ஒட்டின வெனீர் மரத்தோல் நன்றாக வந்திருக்கிறது, வளைவில்கூட ஒரு குமிழ் இல்லை, அதைப் பார். கதவுக் கைப்பிடியைப் பார், மூடினால் டப் என்று ஒரே சத்தம், கீலில் இம்மி ஆட்டமில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, எல்லாமே முடிந்துவிட்டது, இனி இந்த ஷெட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும். இதுதான், இந்த நினைப்புதான் காலையிலிருந்து திருகாணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுந்தால் சமையலறையில் சத்தம் இருக்காது. ரேடியோவை யாரும் கரகரவென்று திருப்பமாட்டார்கள். சட்டையில் வார்னிஷ் கறையோடு வந்தால், ஏண்டா இதென்ன கோலம் என்று கேட்க ஆளிருக்காது. போகாதே என்று சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை. பையனிடம் போகிற தாயைத் தம்பி எந்த நியாயத்தில் நிறுத்துவான், என்னால் அவளைத் தூக்கி உட்காரவைக்க முடியுமா, எனக்கே முட்டி போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வயதில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

செருப்புச் சத்தம் கேட்கிறது. அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் காப்பி டம்ளரோடு வருகிறாள், கட்டு அவிழ்த்த கை இன்னும் வெளுப்பாக இருக்கிறது. நான் திருப்புளியால் துளையை மறைத்துக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "என்னடா, மூஞ்சி இப்படி இருக்குது?" ஒன்றுமில்லை என்கிறேன். டம்ளரை ஃபுட்போர்டின் மேல் வைக்கிறாள். நாளைக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம், பச்சை இதுக்கு நல்லாயிருக்குமா, வண்டி கருஞ்சிவப்பாச்சே என்கிறாள். இதற்குமேல் தாங்காது, சொல்லிவிட வேண்டியதுதான், சொல்லிவிட்டால் அவள் சரி என்பாள், என்றதும் இந்த நாள் முடிந்துவிடும். "அக்கா, முன்சீட்டு இன்னும் பிடிமானமா உக்காரலை. நாளைக்கு நீ பின்னாடி உக்காந்துக்கறயா?" காத்திருக்கிறேன். டம்ளர் மேலே ஆவி போகிறது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது. அவள் பின்சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள்.

"பின்னாடியா?"

"சீட்டெல்லாம் புதுசுக்கா. சாஞ்சுக்கலாம்."

"அப்ப நான் வரலை."

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன். கோபமெல்லாம் இல்லை. கடையில் காய் சொத்தை என்றால் வேண்டாம் என்று கூடையில் திரும்பப் போடுவாளே, அந்த முகம். "பின்னாடி உக்காந்துதான் பாத்தாச்சே. மறுபடி எதுக்கு? நான் வரலைடா வேலு." இவ்வளவு நேரம் அவளுடைய சரிக்குப் பயந்துகொண்டிருந்தேன், அதை நம்பியும்தான் இருந்திருக்கிறேன், அது இல்லை என்றதும் கால் வைக்க இடமில்லாத மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்கிறேன். திருகாணி சுற்றுவதை, கட்டை மாவானதை, பசை ஊற்றினதை, பென்சில் எழுத்தை, எல்லாவற்றையும் உளறுகிறேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, என் உள்ளங்கையிலிருக்கிற பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள்.

"இது கெட்டதுன்னு தெரிஞ்சேதான் வெச்சயா?"

"அந்தக் காலத்து ஆசாரி கையெழுத்துக்கா. அப்படியே இருக்குது."

"என்னன்னு எழுதியிருக்கறான்?"

"முன் இடதுன்னு."

சிரிக்கிறாள். வாயில் பல் செட் இல்லை, இருந்தாலும் நன்றாகச் சிரிக்கிறாள். "அந்த இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா, அவன் எழுதித்தான் தெரியோணுமாக்கும்? அறுத்துப்போடு."

"அறுத்தா நாளைக்கு வண்டி நகராது. திங்கக்கெழமையும் நகராது. எப்ப முடியும்னு எனக்கே தெரியலை."

"ஆகட்டும்."

"மோகன் வருவானே."

"வரட்டும். வந்து காப்பி குடிச்சுட்டுப் போகட்டும். வண்டி ஆகாம நான் எங்கயும் வர்றதில்லை." புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொள்கிறாள். நான் சொல்லட்டுமா என்று போனை எடுக்கப் போகிறேன். "நீ எதுக்குச் சொல்ற? எனக்கு வாயில்லையா?" போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, வந்ததைவிடக் கொஞ்சம் வேகமாகவே போகிறாள். பார்த்துப் போ என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விடுகிறேன். சமையலறை ஜன்னல் வழியாக அவள் குரல் வருகிறது, கத்திப் பேசினால்தான் பெங்களூருக்குக் கேட்கும் என்பது அவள் எண்ணம். "மோகா... இல்ல சாமி... உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன்... நான் இப்ப வரலை... உங்க மாமன் வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டான்... அது முடிஞ்சப்பறம் பாக்கலாம்... எப்ப முடியும்னு எனக்கென்னடா தெரியும், அவனையே கேளு." மோகன் பேசுகிறான் போல. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லவே கூடாது, எழுபது வயதுக் கிழவன். "முடியாதுன்னா முடியாது சாமி" என்கிறாள் அக்கா.

திருப்புளியை எடுத்து முதல் பலகையின் முதல் திருகாணியைக் கழற்றுகிறேன். அது நன்றாகக் கடித்திருக்கிறது, விடமாட்டேன் என்று கீச்சென்கிறது. கழற்றி, துடைத்து, டப்பாவில் போடுகிறேன். எனக்கு அக்கா மேல் இருக்கிற பிரியத்தை இதற்குமுன் இப்படி ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மோகன் திங்கட்கிழமை வருவான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடவில்லையா மாமா என்று கேட்பான். கம்பி போட வேண்டும், நாளைக்கே போட வேண்டும், அந்த ஒன்றை மட்டும் உடனே செய்துவிட வேண்டும். காப்பியை எடுத்துக் குடிக்கிறேன். ஆறிப்போயிருக்கிறது, பரவாயில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்தால் இந்தச் சட்டத்தை ஒரு வாரத்துக்குள் அறுத்து ஒட்டி முடித்துவிடலாம், எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை போய் மரக்கடையில் விசாரிக்க வேண்டும். ஈர மரமாகக் கிடைத்தால் நல்லது, அது காய்கிற வரைக்கும் எத்தனை மாதமானாலும் வைத்திருக்கலாம்.